கனமான கார் ஏன் முந்துகிறது?

பாடத்துக்குள் போகும் முன் உங்களிடம் ஒரு கேள்வி.

ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு சிறிய மரக்கார்கள். ஒன்றின் பொருண்மை 140 கிராம், மற்றொன்றின் பொருண்மை 70 கிராம். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. ஒரு சரிவின் உச்சியில் இரண்டையும் வைத்து ஒரே நேரத்தில் விடுகிறோம். எந்தக் கார் முதலில் எல்லையைத் தொடும்?

"கனமான கார்தான்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். பாடத்தைக் கவனமாகப் படித்தவர்கள், "இரண்டும் ஒன்றாகத்தான் வரும், டீச்சர். ஈர்ப்பு விசையால் விழும் பொருளுக்குப் பொருண்மை ஒரு பொருட்டல்ல" என்பீர்கள். இரண்டாவது பதிலைச் சொன்னவர்களை நான் பாராட்டுவேன். ஆனாலும் தடத்தில் முந்துவது கனமான கார்தான்.

ஏன்? எங்கள் பள்ளியின் அறிவியல் கழகத்தில் ஒரு மாணவி இதே கேள்வியை என்னிடம் கேட்டாள். நான் சட்டென்று ஒரு பதில் சொன்னேன். அது தவறான பதில். அந்தத் தவறு எங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

ஒரு தந்தையின் யோசனை

முதலில் இந்தப் பந்தயத்தின் பிறப்பிடத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் சோப் பாக்ஸ் டெர்பி என்றொரு போட்டி உண்டு. பிள்ளைகள் தாங்களே செய்த, இயந்திரமில்லாத வண்டியில் உட்கார்ந்து மேட்டிலிருந்து கீழே ஓட்டி வருவார்கள். கலிஃபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் வாழ்ந்த டான் மர்ஃபி என்பவரின் மகனுக்கு அதில் கலந்துகொள்ள வயது போதவில்லை. மர்ஃபி அந்த ஊரின் குட்டிச் சாரணர் குழு ஒன்றின் தலைவர். வண்டிக்குள் பிள்ளை உட்கார முடியாவிட்டால் என்ன, பிள்ளையின் கைக்குள் அடங்கும் வண்டியைச் செய்வோம் என்று அவர் நினைத்தார்.

1953ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் முதல் பந்தயம் நடந்தது. அவர் வேலை செய்த நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற விமான நிறுவனத்தின் நிர்வாகிகள் மன்றம் அதற்கு ஆதரவு தந்தது. பைன் மரத்தில் செய்த கார்கள் என்பதால் பைன்வுட் டெர்பி என்று பெயர். 1954 அக்டோபரில் சாரணர் இதழான பாய்ஸ் லைஃப் இதைப் பற்றி எழுதியது. அதன்பின் அமெரிக்கா முழுவதும் பரவிய இந்தப் பந்தயம் இன்றும் நடக்கிறது.

பிள்ளையின் கையில் கிடைப்பது ஒரு பைன் மரக்கட்டை, நான்கு ஆணிகள், நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள். அவ்வளவுதான். பொதுவான விதிகளும் எளிமையானவை. கார் 5 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 142 கிராமுக்கு மிகக்கூடாது. நீளம் 7 அங்குலத்துக்குள், அகலம் இரண்டே முக்கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் சிக்கல். பிள்ளை கோணலாக அறுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்த அப்பாவுக்கும் மனம் வராது. "கொடு, நான் செய்கிறேன்" என்று ரம்பத்தை வாங்கிவிடுவார். பிறகு பிள்ளைக்கு மிஞ்சுவது சாயம் பூசும் வேலை மட்டுமே. அதனால் பல குழுக்கள் பெரியவர்களுக்கென்றே தனிப் பந்தயம் வைக்கின்றன. அவர்கள் தங்கள் ஆசையை அதில் தீர்த்துக்கொண்டு, பிள்ளையின் காரைப் பிள்ளையிடமே விட்டுவிடட்டும் என்றுதான்.

எங்கள் பட்டறை

எங்கள் கழகத்தில் பைன் மரத்தைத் தேடி அலையவில்லை. நம் நாட்டிலேயே ஜெலுத்தோங் மரம் இருக்கிறது. லேசானது, மென்மையானது, சீராகச் செதுக்க வரும். பென்சில் செய்யவும் மாதிரி உருவங்கள் செய்யவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பலகைக் கடையில் கிடைத்த ஜெலுத்தோங் துண்டுகளை 18 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி வாங்கினோம். சக்கரங்கள் பழைய பொம்மைக் கார்களிலிருந்து வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 3 கிராம்.

நான் எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மாணவர் கேட்டால் கட்டையைப் பிடித்துக்கொள்வேன்; அறுக்கவோ அராவவோ மாட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலாம் படிவ மாணவன் ஒருவன் கட்டையின் முனைகளை மட்டும் மழித்துவிட்டு, "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றான். அது காரைவிடக் காலணியைப் போலத்தான் இருந்தது. மற்றவர்கள் அதற்கு 'செலிப்பார்' என்று பெயர் வைத்தார்கள். அவன் கோபப்படவில்லை. அந்தப் பெயரையே சிவப்புச் சாயத்தில் காரின் பக்கவாட்டில் எழுதிவிட்டான்.

நான்காம் படிவ மாணவி ஒருத்தி மூன்று வாரம் பொறுமையாகச் செதுக்கினாள். அவளுடைய கார் மீனைப் போல மெலிந்து, முன்பக்கம் கூர்மையாக, தொட்டால் வழுக்கும்படி இருந்தது.

8 அடி நீளப் பிளைவுட் பலகையைச் சாய்த்துத் தடம் அமைத்தோம். உச்சியின் உயரம் 1.2 மீட்டர், சாய்வு 30 பாகை. கீழ்முனையில் பலகையை மெல்ல வளைத்து 6 மீட்டர் சமதளத்தோடு இணைத்தோம். கார் விலகி ஓடாமல் இருக்கத் தடத்தின் நடுவே மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டினோம். சக்கரங்கள் அதன் இருபுறமும் ஓடும்.

முதல் வெள்ளோட்டத்தில் 'செலிப்பார்' மீனை முந்தியது. மூன்று முறை விட்டோம். மூன்று முறையும் அதேதான்.

என் தவறான பதில்

தராசில் வைத்துப் பார்த்தோம். மீன் 70 கிராம். இரும்பு வாஷர்கள் ஒட்டிய 'செலிப்பார்' 140 கிராம்.

"டீச்சர், கனமானதும் லேசானதும் ஒண்ணாதான் விழும்னு போன மாசம் சொன்னீங்களே. அப்புறம் இது எப்படி?" என்று கேட்டாள் அந்த மாணவி.

"கனமான காருக்கு உச்சியில் நிலை ஆற்றல் அதிகம். அது இயக்க ஆற்றலாக மாறும்போது வேகமும் அதிகமாகும்" என்றேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு வெண்பலகைக்குப் போய் இரண்டு வரிகள் எழுதினாள்.

நிலை ஆற்றல் = பொருண்மை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்

இயக்க ஆற்றல் = ½ × பொருண்மை × வேகம் × வேகம்

"இரண்டும் சமம்னா, ரெண்டு பக்கமும் பொருண்மை இருக்கே டீச்சர். வெட்டிட்டா என்ன ஆகும்?"

வெட்டினால் பொருண்மையே மறைந்துவிடும். வேகம் உயரத்தை மட்டுமே சார்ந்திருக்கும். கனமான காரிடம் ஆற்றல் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதை நகர்த்தவும் அதே அளவு அதிக ஆற்றல் தேவை. என் பதில் அங்கேயே விழுந்துவிட்டது. "நான் சொன்னது தவறு. சரியான காரணம் இப்போது எனக்குத் தெரியவில்லை. சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றேன்.

பிள்ளையின் கையிலிருந்து ரம்பத்தை வாங்கும் அப்பாவைப் பற்றிச் சற்றுமுன் சொன்னேன் அல்லவா? அன்று நான் செய்ததும் அதுதான். அவள் யோசிக்க வேண்டிய கேள்வியை அவள் கையிலிருந்து வாங்கி, அவசரத்தில் கோணலாக அறுத்துக் கொடுத்துவிட்டேன்.

முதலில், சரியான சோதனை

பதில் தேடும் முன் ஒன்றைக் கவனித்தோம். 'செலிப்பாரு'க்கும் மீனுக்கும் பொருண்மை மட்டுமா வேறு? வடிவம் வேறு, சக்கரங்கள் வேறு, ஆணிகளும் வேறு. இதில் எது வெற்றிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? மூன்று முறை ஓடிய அந்தப் பந்தயம் உண்மையில் எதையும் நிரூபிக்கவில்லை.

ஆகவே மீனை மட்டுமே எடுத்துக்கொண்டோம். முதலில் 70 கிராமுடன் ஐந்து முறை, பிறகு வாஷர்கள் ஒட்டி 140 கிராமுடன் ஐந்து முறை. தற்சார்பு மாறி பொருண்மை. சார்பு மாறி எல்லையைத் தொட எடுக்கும் நேரம். மற்ற எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

அவள் வாஷர்களைக் காரின் பின்பக்கத்தில் ஒட்டப் போனாள். செலிப்பார்க்காரன் எட்டிப் பார்த்து, "பின்னால ஒட்டினா பாரம் இருக்கிற இடமும் மாறிடுமே அக்கா. ரெண்டு விஷயம் ஆயிடாதா?" என்றான். காலணி செய்த கை கேட்ட கேள்வி! அவன் சொன்னதே சரி. காரை ஓர் அடிக்கோலின் விளிம்பில் நிறுத்தி, அது சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே வாஷர்களை ஒட்டினோம்.

நேரத்தைக் கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியால் அளந்தோம். அது விநாடிக்கு 240 படங்கள் பிடிக்கும். படங்களை எண்ணினால் விநாடியில் நூறில் ஒரு பங்கைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். ஐந்து முறையும் கனமான மீனே குறைந்த நேரத்தில் வந்தது. இப்போது சந்தேகமில்லை. பொருண்மைக்கு இதில் பங்கு இருக்கிறது. அப்படியானால் சமன்பாடு எதையோ விட்டுவிட்டது.

சக்கரம் வசூலிக்கும் டோல்

விட்டுப்போனது கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்தது. வழுக்கிச் செல்லும் பொருளுக்குத்தான் அந்தச் சமன்பாடு அப்படியே பொருந்தும். காருக்குச் சக்கரங்கள் உண்டு. சக்கரம் முன்னோக்கியும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. சுழல்வதற்குத் தனியாக ஆற்றல் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சக்கரங்களும் சேர்ந்து 12 கிராம். அந்தப் பொருண்மை முழுவதும் விளிம்பிலேயே இருப்பதாக எளிமையாக்கிக்கொள்வோம். அப்படிப்பட்ட சக்கரம் உருளும்போது, முன்னோக்கி நகர எவ்வளவு ஆற்றல் தேவையோ அதே அளவு சுழலவும் தேவை. அதாவது 140 கிராம் கார், தன்னை 152 கிராம் கார் என்று நினைத்து நகர வேண்டியிருக்கிறது. 70 கிராம் கார், 82 கிராம் காராக நகர்கிறது.

இதை ரிங்கிட் கணக்கில் சொல்கிறேன். உச்சியில் இருக்கும் ஒவ்வொரு ரிங்கிட் ஆற்றலிலும் கனமான காருக்கு 92 சென் முன்னோக்கிய ஓட்டத்துக்குக் கிடைக்கிறது. லேசான காருக்கு 85 சென்தான். சக்கரங்கள் கேட்கும் டோல் கட்டணம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பையில் குறைவாக வைத்திருப்பவனுக்கு அது பெரிய செலவு.

சக்கரம் சுழலாத, உராய்வே இல்லாத கற்பனைக் கார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அதன் வேகம் விநாடிக்கு 4.85 மீட்டர். சக்கரங்களைக் கணக்கில் சேர்த்தால், 140 கிராம் கார் விநாடிக்கு 4.65 மீட்டர் வேகத்திலும், 70 கிராம் கார் 4.48 மீட்டர் வேகத்திலும் சமதளத்துக்கு வரும். வித்தியாசம் சிறியதுதானே என்று தோன்றும். 6 மீட்டர் சமதளத்தைக் கடக்க முதல் கார் 1.29 விநாடி எடுக்கும், இரண்டாவது 1.34 விநாடி எடுக்கும். அந்த 0.05 விநாடியில் ஏற்படும் இடைவெளி சுமார் 22 சென்டிமீட்டர். காரின் நீளமே 18 சென்டிமீட்டர்தான். ஒரு முழுக் கார் நீளத்துக்கும் மேலான தோல்வி!

காற்றும் இதே போன்றதுதான். ஒரே வடிவமுள்ள இரண்டு கார்களையும் ஒரே வேகத்தில் காற்று ஒரே விசையால் தடுக்கிறது. ஆனால் அந்த விசை 70 கிராம் காரை இரண்டு மடங்கு அதிகமாகத் தாமதப்படுத்தும். பிங்பாங் பந்தையும் அதே அளவுள்ள கல்லையும் எறிந்து பாருங்கள், புரியும்.

அச்சாணியின் உராய்வு மட்டும் இதில் சேராது. கார் கனமானால் அச்சை அழுத்தும் விசையும் அதற்கேற்பக் கூடும், உராய்வும் கூடும். ஆகவே இரண்டு கார்களும் அதே விகிதத்தில்தான் இழக்கும். இங்கே பொருண்மை உண்மையிலேயே வெட்டுப்பட்டுப் போகிறது.

அமெரிக்கப் பிள்ளைகள் ஏன் அந்த 5 அவுன்ஸ் எல்லை வரை பாரம் ஏற்றுகிறார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

பாரத்தை எங்கே வைப்பது?

இப்போது முதலாம் படிவ மாணவனின் கேள்விக்கு வருவோம். பாரத்தைப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும்?

கார் சரிவில் நிற்கும்போது அதன் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரத்தில் இருக்கிறது. சமதளத்துக்கு வந்ததும் இரண்டும் ஒரே உயரம். எனவே பாரம் பின்னால் இருந்தால் அது இன்னும் சற்று உயரத்திலிருந்து விழுகிறது. எங்கள் 30 பாகைச் சரிவில் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் 2 சென்டிமீட்டர் உயரம் கூடுதலாகக் கிடைக்கும். சமதளத்தில் மட்டும் அது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் முன்னிலை தரும்.

அதற்காக எல்லாவற்றையும் கடைக்கோடியில் ஒட்டிவிடாதீர்கள். முன்சக்கரங்கள் தரையில் பதியாமல் கார் தள்ளாடும், தடத்தின் நடுச்சட்டத்தில் மோதி வேகத்தை இழக்கும். பின் அச்சுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் முன்னால் கார் சமநிலை அடைந்தால் போதும்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. கட்டையில் காரின் வடிவத்தைப் பென்சிலால் வரையுங்கள். வெட்டும் முன்பே அச்சாணித் துளைகளைப் போடுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் துளை நேராக விழும்.

2. கட்டையை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் அறுக்காதீர்கள். கத்தி எப்போதும் உங்கள் உடலை விட்டு விலகிச் செல்ல வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். டிரில் பயன்படுத்தும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

3. வடிவம் வந்ததும் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி நைசான உப்புத்தாளில் முடியுங்கள். மரத்தூளை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் அணியுங்கள்.

4. ஆணியின் தலைக்கடியில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு பிசிறுகள் தட்டுப்படும். அவற்றை அரத்தால் நீக்கி, ஆணி பளபளக்கும் வரை தேயுங்கள். வடிவத்தை அழகாக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

5. எண்ணெய்க்குப் பதிலாகக் கிராஃபைட் தூளைப் பயன்படுத்துங்கள். பூட்டுகளுக்குப் போடும் தூள் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மீது எளிதில் வழுக்கும். பென்சிலைச் சீவிப் போடலாமா என்று கேட்காதீர்கள். அதில் களிமண்ணும் கலந்திருக்கிறது.

6. பாரத்துக்கு இரும்பு வாஷர்கள் நல்லவை. மீன்பிடிக்கும் ஈயக்குண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஈயம் நச்சுப் பொருள்.

7. கடைசியில் காரைச் சமமான தரையில் மெல்லத் தள்ளிவிடுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் அது எந்தப் பக்கமாக விலகுகிறது என்று உற்றறியுங்கள். நேராக ஓடும்வரை அச்சாணியைத் திருத்துங்கள்.

இறுதிப் பந்தயம்

பருவ முடிவில் பள்ளி நடைபாதையில் 14 கார்கள் ஓடின. எல்லாம் 140 கிராம். எல்லோருக்கும் இப்போது ஈர்ப்பு மையத்தின் இரகசியம் தெரியும். மீன் இரண்டாவதாக வந்தது. 'செலிப்பார்' நான்காவது. முதலிடம் பிடித்தது, இதுவரை நான் குறிப்பிடாத, பேச்சுக் குறைந்த ஒரு மாணவனின் கார். பெட்டி போன்ற வடிவம், சாயம்கூட இல்லை. அவன் மூன்று வாரமும் ஆணிகளை மட்டுமே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பாடநூலில் 'உராய்வைப் புறக்கணிக்கவும்' என்று படிக்கும்போது அது ஏதோ அற்பமான ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். புறக்கணிப்பது கணக்கை எளிதாக்கத்தான். 14 பேரும் அதே உயரத்திலிருந்து, அதே பொருண்மையோடு இறங்கும்போது, வெற்றியை முடிவுசெய்ய மிஞ்சி நிற்பது நாம் புறக்கணித்த அந்தச் சின்ன விஷயங்கள் மட்டுமே. அவற்றைக் கண்டுபிடிக்க ஆணியை உங்கள் விரலால்தான் தடவிப் பார்க்க வேண்டும். வேறொருவர் தேய்த்துக் கொடுத்த ஆணி உங்களுக்கு எதையும் சொல்லாது.

பந்தயம் முடிந்து பலகைகளை அடுக்கும்போது அந்த மாணவி குறிப்பேட்டை நீட்டினாள். என் தவறான பதில் அதில் அப்படியே இருந்தது. "இதை அழிச்சிடவா டீச்சர்?" என்றாள். அழிக்க வேண்டாம், குறுக்கே ஒரு கோடு போட்டு அதன் கீழே சரியான பதிலை எழுதச் சொன்னேன். இப்போது ஒவ்வோர் ஆண்டும் கழகத்தில் சேரும் புதிய மாணவர்களுக்கு அந்தப் பக்கத்தின் நகலைத்தான் முதலில் காட்டுகிறேன்.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரு கட்டையை எடுங்கள். அப்பாவோ மாமாவோ ரம்பத்தைக் கேட்டால், கட்டையை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.